ஐப்பசிக்கு விட்ட இடம்

இரவு ஒன்பதே காலுக்கு உமாபதி சார் போன்.
"கதவு மூட மாட்டேங்குது, ஆசாரி."
வெளியே, குடமுருட்டிக்கு மேலே
வானம் தன் பங்குக்கு ஓர் ஆறு விட்டுக்கொண்டிருந்தது.

காலையில் வருகிறேன் என்றிருக்கலாம்.
வாய் வரவில்லை.
எனக்குத் தெரியும் அந்தக் கதவை.

சித்திரையில் மாட்டினேன்.
கீழத்தெருப் பலாமரம். இரண்டு வருஷம்
நிழலில் அடுக்கிக் காயவைத்த பலகை.
கழுந்து துளைக்குள் போகும்போது ஒரு சத்தம் வரும்,
குடம் நிறையப் போகிற சமயம்
தண்ணீர் குரல் மாற்றுமே, அது மாதிரி.
அது வரும்வரை சீவினேன்.
ஆணி ஒன்று கிடையாது. மூங்கில் முளைதான்.

நிலைக்கும் கதவுக்கும் நடுவே
இரண்டு ரூபாய்க் காசு நுழையும் அளவு விட்டேன்.
சார் குனிந்து பார்த்தார்.
கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம்
பைசா பாக்கி விடாமல் கணக்கு முடித்தவர்.
"இதென்ன, எறும்பு ஊர்வலம் போகும் போலிருக்கே?"
ஐப்பசிக்கு விட்ட இடம் சார், என்றேன்.
"ஐப்பசி வரும்போது பார்த்துக்கலாம்.
எனக்கு இப்போ வெளிச்சம் தெரியக் கூடாது."

அங்கேதான் ஒத்துக்கொண்டேன்.
மீதிக் கூலி அவர் சட்டைப்பையில் இருந்தது
என்பது ஒரு காரணம்.
ஒட்டுச்சட்டம் ஒன்று இழைத்து
விளிம்பில் சேர்த்தேன், அழகாகவே.
காசு நுழையவில்லை. தாள் நுழையவில்லை.
சார் நாலு தடவை மூடிப் பார்த்துச் சிரித்தார்.
மரம் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறு மாதம் கழித்துப் பதில் பேசுகிற இனம் அது.

டி.வி.எஸ். வண்டியில், உரச்சாக்கு போர்த்திய பெட்டியோடு
ஆவூர் ரோட்டில் போனேன்.
வயலும் வாய்க்காலும் வரப்பை மறந்து
ஒரே பாயில் படுத்திருந்தன.
மிஷினை எடுத்துக்கொள்ளவில்லை.
எனக்கும் ஒன்று இருக்கிறது, தவணை கட்டுகிறேன்,
பகலெல்லாம் பட்டறையில் அதுதான் கத்தும்.
கரண்டு போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.
தவிர, எவ்வளவு தின்றோம் என்று
தின்ற பிறகுதான் அது சொல்லும்.
இழைப்புளி தின்னும்போதே சொல்லிவிடும்,
உள்ளங்கைக்கு.

கீலைக் கழற்றினோம்.
காய்ச்சல்காரனைக் கிடத்துவது போலக்
கூடத்தில் இரண்டு முக்காலி மேல் கிடத்தினோம்.
தையல்நாயகி அம்மா செல்போன் விளக்கைப் பிடித்தார்.
ஈர மரத்தின் சீவல் சுருளாது.
நனைந்த அப்பளமாக மடிந்து மடிந்து விழுந்தது,
பலாவுக்கே உரிய மஞ்சளில்.
எதிர்நார் வந்த இடத்தில் இழைப்புளி முனகியது.
முட்டி மோதாமல்
நான் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"எவ்வளவு எடுப்பீங்க?"
சித்திரையில் சேர்த்த சட்டம் முழுக்க, அம்மா.
சார் ஜன்னலோரம்
மழையைத் தணிக்கை செய்பவர் போல உட்கார்ந்திருந்தார்.
திரும்பவில்லை.
"அப்பவே சொன்னீங்களாமே?"
"சொன்னேன்மா. செய்ததும் நான்தான்."

மாட்டி மூடினோம்.
ஒரு மூச்சு தூரத்தில் தயங்கி,
உள்ளே போய் அமர்ந்தது.
நடுவில் காசு நுழையாது, தாள் நுழையாது.
ஐப்பசி வந்து
தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

இருநூறு நீட்டினார் சார்.
பெட்ரோலுக்கு நூறு மட்டும் எடுத்தேன்.
"பங்குனியில் திரும்ப வெளிச்சம் தெரியும் சார்."
"தெரியட்டும்."
"எறும்பும் வரும்."
அதற்குப் பதில் இல்லை.
அம்மா சீவலை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்,
காய்ந்ததும் கொசுவுக்குப் புகை போட.

மழையில் வண்டியை உதைத்தேன், கிளம்பவில்லை.
மறுபடி உதைத்தேன்.
அந்த இடைவெளியில் கேட்டது:
உள்ளே யாரோ கதவைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள்,
திறக்கிறார்கள், மூடுகிறார்கள்,
அம்மா அதட்டுகிறார்.